கல்லிலே இரக்கம் கண்ட சிற்பி மைக்கல் ஆஞ்சலோ

நத்தார் நெருங்கும் நாட்களில் நம் பிள்ளைகள் பாலன் குடிலுக்காகக் களிமண் பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடி போன்ற ஊர்களில், மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஒரு பிள்ளை மாட்டுக்கன்று செய்யும். மற்றொன்று மேய்ப்பனைச் செய்யும். தேவமாதாவின் முகத்தைச் செய்ய வரும்போது மட்டும் எந்தப் பிள்ளையின் கையும் சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்திலே கலையும் உண்டு, விசுவாசமும் உண்டு. ஆனால் பெரியவர்களாகிய நாம் அதைக் கவனிப்பதில்லை. சோதனை வருகிறது, கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடு என்பதே பெரும்பாலும் நமது கட்டளை.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டில் ஒரு சிறுவனுக்கும் இதே கட்டளைதான் கிடைத்தது. அடியும் சேர்ந்து கிடைத்தது. அந்தச் சிறுவனே உரோமாபுரியில் புனித இராயப்பர் பேராலயத்துக்குள் நுழைவோர் இன்றும் முதலில் தேடிச் செல்லும் வியாகுல மாதா சுரூபத்தைச் செதுக்கிய மைக்கல் ஆஞ்சலோ.

1475 பங்குனி 6ஆம் நாள், கப்ரேசே என்னும் மலைநாட்டுச் சிற்றூரில் அவர் பிறந்தார். தகப்பனார் லொதவிக்கோ புவோனரோத்தி அப்போது அவ்வூரின் நீதி அதிகாரியாகக் கடமையாற்றிக்கொண்டிருந்தார். பழம்பெருமை உள்ள புளோரன்ஸ் நகரத்துக் குடும்பம். கையிலே காசுதான் இல்லை. ஐந்து ஆண்மக்களில் மைக்கல் இரண்டாமவர். அக்கால வழக்கப்படி கைக்குழந்தையைப் பாலூட்டி வளர்க்கச் செத்திஞ்ஞானோ என்ற ஊரில் கல்தச்சர் குடும்பத்துப் பெண் ஒருத்தியிடம் விட்டார்கள். உளியையும் சுத்தியலையும் அந்தத் தாய்ப்பாலோடு சேர்த்தே குடித்ததாக அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். பெற்ற தாயார் பிரான்செஸ்கா இறந்தபோது அவருக்கு ஆறு வயது. இந்த இழப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுவதும் அந்த மனிதர் தாயும் மகனுமாகிய அந்த ஒரே காட்சியைத்தான் திரும்பத் திரும்பச் செதுக்கினார்.

பள்ளிக்கு அனுப்பினார்கள். பையனோ பாடத்தை விட்டுவிட்டுப் படம் வரைந்தான். தகப்பனாரும் சிற்றப்பன்மாரும் அடித்தார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். சித்திரம் எழுதுவதும் கல் கொத்துவதும் கூலிக்காரரின் வேலை என்பதே அக்காலத்துக் கண்ணியமான குடும்பங்களின் எண்ணம். இன்று நமது வீடுகளில் வைத்தியர், பொறியியலாளர், அரசாங்க உத்தியோகம் என்று மூன்று படிகளை வைத்துக்கொண்டு அவற்றுக்கு வெளியே நிற்கும் பிள்ளையை ஒரு மாதிரியாகப் பார்க்கிறோமே, அதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

கடைசியில் தகப்பனார்தான் தோற்றார். 1488 சித்திரை மாதத்தில், பதின்மூன்று வயதில், தொமெனிக்கோ கிர்லாந்தையோ என்ற பெயர்பெற்ற ஓவியரிடம் மூன்று ஆண்டுகளுக்கு மாணவனாக ஒப்பந்தம் எழுதிச் சேர்த்தார். அந்த ஒப்பந்தத்திலே விசித்திரம் ஒன்று உண்டு. மாணவன் ஆசிரியருக்குக் கூலி கொடுப்பதற்குப் பதிலாக, ஆசிரியரே மாணவனுக்கு மூன்று ஆண்டுகளிலும் மொத்தம் 24 புளோரின் பொற்காசு கொடுப்பதாக இருந்தது. பையனின் கைத்திறன் அப்போதே விலை பெற்றுவிட்டது என்க.

மூன்று ஆண்டுகள் அங்கே நிற்கவில்லை. புளோரன்ஸ் நகரை அந்நாளில் நடத்தி வந்த செல்வந்தரான லொரென்சோ தெ மெடிச்சி, புனித மாற்கு மடத்துக்கு அருகே ஒரு தோட்டத்தில் பழங்காலச் சிலைகளைச் சேர்த்து வைத்திருந்தார். பெர்தோல்தோ என்னும் முதிய சிற்பி அதற்குக் காவலர். மகா சிற்பி தொனத்தெல்லோவிடம் தொழில் பழகியவர் அவர். அந்தத் தோட்டமே சில இளைஞருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அங்கே ஆஞ்சலோ ஒரு கிழவனின் முகத்தைப் பழைய சிலையைப் பார்த்துச் செதுக்கியபோது, இத்தனை வயதானவனுக்குப் பல் முழுவதும் இருக்குமா என்று லொரென்சோ கேலி செய்தாராம். அவர் அப்பால் போனதும் பையன் ஒரு பல்லை உடைத்து, ஈறையும் துளைத்து வைத்துவிட்டான். லொரென்சோ சிரித்துச் சிரித்து அவனைத் தம் மாளிகையிலேயே தம் பிள்ளைகளோடு பந்தியிருந்து உண்ணும்படி வைத்துக்கொண்டார். தகப்பனாருக்குச் சுங்கப் பகுதியில் ஒரு சிறு உத்தியோகமும் கிடைத்தது. அதற்குப் பின் கல் கொத்துவது அவ்வளவு கேவலமாக அவருக்குத் தோன்றவில்லை போலும்!

இதே காலத்தில் சக மாணவன் ஒருவன் சண்டையில் குத்திய குத்தில் ஆஞ்சலோவின் மூக்கு உடைந்தது. சாகும்வரை அந்த உடைந்த மூக்கோடுதான் இருந்தார்.

மாணவனாயிருந்தபோது செய்த ஒரு பளிங்குப் பலகை இன்றும் புளோரன்ஸ் நகரில் அவர் குடும்பத்தின் பெயரால் விளங்கும் மாளிகையில் இருக்கிறது. உயரம் இரண்டு அடிக்கும் குறைவு. தேவமாதா ஒரு படிக்கட்டின் அடியில் அமர்ந்திருக்கிறார். பாலன் நமக்கு முதுகைக் காட்டியபடி அவர் நெஞ்சிலே துயில்கிறார். தாயின் கண்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. எங்கோ தொலைவில் எதையோ பார்க்கின்றன. பின்னாலே படிகளில் நிற்கும் சிறுவர்கள் ஒரு துணியைப் பிடித்திருக்கிறார்கள். அது பின்னாளில் மகனின் உடலைச் சுற்றப்போகும் துணி என்று பலர் பொருள் கொள்வர். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் வேலை இது. கை, கால் அளவுகளில் சில பிழைகளும் உண்டு. ஆனால் தாயை இழந்த பிள்ளைக்குத் தாயின் மௌனம் தெரிந்திருந்தது.

1492 சித்திரை 8ஆம் நாள் லொரென்சோ இறந்தார். ஆதரவு போயிற்று. பதினேழு வயது இளைஞன் தகப்பன் வீட்டுக்குத் திரும்பினான். இந்த இடத்திலேதான் நமக்கு முக்கியமான அத்தியாயம் தொடங்குகிறது.

புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆற்றின் அக்கரையில் அகுஸ்தீனார் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அதன் ஆலயத்துக்குச் சாந்தோ ஸ்பிரித்தோ என்று பெயர். நம் பாட்டிமார் சிலுவை அடையாளம் போடும்போது இஸ்பிரீத்துசாந்து என்று சொன்னார்களே, அதே பரிசுத்த ஆவியின் பெயர்தான். மடத்தைச் சேர்ந்து ஒரு வைத்தியசாலையும் இருந்தது. அக்காலத்தில் வைத்தியசாலை என்பது வசதியுள்ளவர்கள் போகும் இடமன்று. வீட்டிலே பார்க்க ஆளில்லாத ஏழைகளும் வழிப்போக்கர்களுமே அங்கே வந்து கிடந்தார்கள், அங்கேயே இறந்தார்கள். மடத்து அதிபர் இளைஞன் ஆஞ்சலோவுக்கு ஓர் அறையைக் கொடுத்து, இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்து மனித உடம்பின் அமைப்பை அறிந்துகொள்ள அனுமதித்தார். ஒரு துறவி இப்படிச் செய்ய அந்நாளில் எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விளக்கு வெளிச்சத்தில், பிரேதங்களின் நடுவே, அந்த மாணவன் என்ன கற்றான்? எலும்பும் நரம்பும் தசையும் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதைக் கற்றான். அது எல்லாப் புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது. உயிர் பிரிந்த உடல் எப்படிக் கனக்கும், தலை எந்தப் பக்கம் சாயும், தூக்குகின்ற கை எங்கே அழுந்தும் என்பதையும் கற்றான். பெயர் தெரியாத ஏழைகளின் உடல்களே அவனுக்கு ஆசிரியர்கள். பிற்காலத்தில் இந்த வேலையால் வயிறு கெட்டு, உணவு செல்லாமல் அதை நிறுத்தினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அதிபருக்கு நன்றிக்கடனாக, ஏறக்குறைய 1493இல், பதினெட்டு வயதில், ஆலயத்தின் பெரிய பீடத்துக்கென மரத்திலே ஒரு பாடுபட்ட சுரூபம் செய்து கொடுத்தார். உயரம் ஏறக்குறைய நாலரை அடி. அதுவரை ஆலயங்களில் இருந்த பாடுபட்ட சுரூபங்கள் பல, இரத்தமும் தழும்புமாக, காண்போரை நடுங்கவைப்பவை. இதுவோ மெலிந்த ஓர் இளைஞனின் உடல். நரம்பு புடைக்கவில்லை; முகம் சுளிக்கவில்லை. தலை ஒரு பக்கம் சாய, இடுப்பு மறுபக்கம் லேசாகத் திரும்ப, அப்போதுதான் வலி தீர்ந்தவர் போல யேசுபிரான் தொங்குகிறார். வைத்தியசாலையில் ஓர் இளைஞன் இறந்து கிடந்ததைக் கண்ணால் கண்டவன்தான் இப்படிச் செய்திருக்க முடியும் என்பது என் எண்ணம்.

இந்தச் சுரூபத்தின் கதையும் சுவையானது. பிற்காலத்தில் பீடத்தை மாற்றியமைத்தபோது அது இடம் மாறி, மேலே வேறு வர்ணம் பூசப்பட்டு, இன்னார் செய்ததென்பதே மறந்துபோயிற்று. 1962இல் ஜெர்மன் நாட்டுக் கலை ஆய்வாளரான மார்கிறித் லிஸ்னர் என்ற பெண்மணி, மடத்திலே கவனிப்பாரற்றுத் தொங்கிய அதைக் கண்டு, மைக்கல் ஆஞ்சலோவின் இளமைக்கால வேலை இதுவே என்று எடுத்துக்காட்டினார். வர்ணத்தை நீக்கியபின் அறிஞர் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டனர். 2000ஆம் ஆண்டில் அது மீண்டும் சாந்தோ ஸ்பிரித்தோவுக்கே வந்து சேர்ந்தது.

இதை வாசிக்கும் சித்திர ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பாடுபட்ட யேசுவையோ வியாகுல மாதாவையோ களிமண்ணில் செய்யும்படி மாணவருக்குச் சொல்லும்போது, நாட்காட்டிப் படத்தை முன்னே வைத்துப் பார்த்துச் செய்யச் சொல்வது நமது வழக்கம். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் ஒரு தடவை போய் வரச் சொன்னால் என்ன? படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, சாப்பாட்டுப் பொதியோடு வந்து, கட்டிலோரத்தில் மணிக்கணக்காக இருக்கும் தாய்மாரின் முதுகு எப்படி வளைந்திருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் பார்த்து வரட்டும். எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வெறுங்கையோடு திரும்பாது.

கதைக்கு வருவோம். 1494 தை மாதத்தில் புளோரன்ஸ் நகரில் பெரும் பனி கொட்டியபோது, லொரென்சோவின் மகன் இந்தச் சிற்பியை அழைத்துப் பனியிலே ஒரு பொம்மை செய்யச் சொன்னாராம்! அதே ஆண்டில் அரசியல் கலகம் வரவே, ஆஞ்சலோ பொலோஞ்ஞா நகருக்கு ஓடி, அங்கே புனித சாமிநாதரின் கல்லறைக்கு மெழுகுவர்த்தித் தண்டு ஏந்திய ஒரு சம்மனசும் இரண்டு புனிதர் சுரூபங்களும் செய்தார். 1496 ஆனி மாதத்தில் உரோமாபுரி சேர்ந்தார். அங்கே முதலில் செய்தது மது தேவனின் சிலை. பக்திக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கிடைத்த வேலையைச் செய்துதான் அவரும் பிழைத்தார்.

பிரான்சு மன்னரின் தூதராக உரோமையில் இருந்த கர்தினால் ஜான் தெ பில்லேர் தமது கல்லறைக்கு ஒரு சுரூபம் வேண்டினார். 1498 ஆவணி 27ஆம் நாள் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 450 பொற்காசு கூலி. ஒரு வருடத் தவணை. உரோமையில் உள்ள பளிங்கு வேலைகள் எல்லாவற்றிலும் இதுவே அழகாயிருக்கும் என்று சிற்பியின் நண்பர் ஒருவர் பிணை நின்றார். சிற்பிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கல்லைத் தெரிந்தெடுக்கக் கராரா மலைக்குத் தாமே போயிருந்தார்.

இறந்த மகனை மடியில் கிடத்திய மாதாவின் காட்சியைப் பியெத்தா என்பார்கள். இத்தாலியரின் இந்தச் சொல்லுக்கு இரக்கம் என்று பொருள்; அதன் இலத்தீன் வேரிலே பக்தி என்ற பொருளும் உண்டு. இறைபற்றையும் மனிதர்மேல் இரக்கத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி அது.

வளர்ந்த ஆண்மகன் ஒருவனை ஒரு பெண்ணின் மடியில் கிடத்தினால் பார்வைக்குப் பொருந்தாது. வடநாட்டுச் சிற்பிகள் செய்த பழைய பியெத்தாக்கள் பலவற்றில் உடல் விறைத்த மரக்கட்டைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆஞ்சலோ மாதாவின் ஆடையை அலையலையாக மடித்து மடியை அகலமாக்கினார். மாதா எழுந்து நின்றால் மகனிலும் மிகப் பெரியவராயிருப்பார். ஆனால் பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. யேசுவின் தலை பின்னே சாய்ந்து, வலக்கை தளர்ந்து தொங்குகிறது. சாந்தோ ஸ்பிரித்தோவின் இரவுகளில் கற்ற பாடம் இது. மாதாவின் வலக்கை மகனின் தோளுக்குக் கீழே தாங்குகிறது. அந்தக் கைக்கும் உடலுக்கும் நடுவே துணி இருக்கிறது. குருவானவர் நற்கருணை ஆசீரின்போது தோள்துகிலால் மூடிய கைகளோடு கதிர்ப்பாத்திரத்தை ஏந்துவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதா அழவில்லை. நம்மவருக்கு இது முதலில் புதுமையாகவே இருக்கும். 2004 மார்கழி 26 அன்று கடல் ஊருக்குள் வந்த நாளிலும், அதற்கு முன்னும் பின்னும் போர் நடந்த ஆண்டுகளிலும், இறந்த பிள்ளையை மடியில் கிடத்திய தாய்மாரை மட்டக்களப்புப் பகுதி கண்டிருக்கிறது. அவர்கள் மார்பில் அடித்து, ஒப்பாரி சொல்லி அழுதார்கள். அழுது ஓய்ந்த பின், கண்ணீரும் வற்றிய வேளையில், அதே தாய்மார் ஒன்றும் பேசாமல் இருந்ததையும் கண்டவர்கள் உண்டு. ஆஞ்சலோ செதுக்கியது அந்த வேளையை. மாதாவின் இடக்கை மட்டும் உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருக்கிறது. கேள்வி கேட்கிறதா, கொடுத்துவிடுகிறதா என்று சொல்ல முடியாத கை அது.

முப்பத்துமூன்று வயது மகனுக்கு இவ்வளவு இளமையான தாயா என்று அக்காலத்திலேயே குறை சொன்னார்கள். மாசற்ற கன்னிமை முகத்தின் இளமையைக் காக்கும் என்பதே சிற்பி கொடுத்த விளக்கம். ஆறு வயதில் இழந்த தாயின் முகம் பிள்ளையின் மனதில் முதுமை அடைவதில்லை என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

சுரூபம் ஆலயத்தில் வைக்கப்பட்ட பின், அதை வேறொரு சிற்பியின் வேலையென்று சிலர் பேசியது அவர் காதில் விழுந்ததாம். ஓர் இரவு விளக்கோடு போய், மாதாவின் மார்பின் குறுக்கே செல்லும் பட்டியில் தம் பெயரைப் பொறித்துவிட்டார். அவர் கையெழுத்திட்ட ஒரே வேலை அதுதான். இளமைச் செருக்கு! வேலையைக் கேட்ட கர்தினாலோ 1499இலேயே காலமாகிவிட்டார்.

1972 வைகாசி 21ஆம் நாள், பரிசுத்த ஆவியின் பெருவிழாவன்று, புத்தி பேதலித்த ஒருவன் சுத்தியலோடு பாய்ந்து அந்தச் சுரூபத்தை அடித்தான். மாதாவின் இடக்கை முறிந்தது. மூக்கும் கண்ணிமையும் சிதைந்தன. சிதறிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பத்து மாதங்களில் திருத்தி வைத்தார்கள். அன்று முதல் அது கண்ணாடிக்குப் பின்னே இருக்கிறது.

அதற்குப் பின் வந்த புகழை எல்லாரும் அறிவர். பதினேழு அடி உயரத் தாவீது, சிக்ஸ்தீன் சிற்றாலயத்தின் மேற்கூரையில் 1508 முதல் 1512 வரை எழுதிய சிருஷ்டிப்பின் ஓவியங்கள், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஆலயத்தில் முடித்த பொதுத்தீர்வை ஓவியம் ஆகியவற்றைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. நல்ல குணம் மட்டும் உள்ளவர் என்று சொல்ல முடியாது. முன்கோபி, பாப்பரசர் இரண்டாம் யூலியசுடனேயே சண்டை பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர். நிறையச் சம்பாதித்தும் பிச்சைக்காரர் போல வாழ்ந்தார். அன்று அடித்த தகப்பனையும், சகோதரர்களையும் தம் உழைப்பால் தாங்கினார். முதுமையில் புளோரன்ஸ் நகரிலிருந்த தம்பி மகனுக்குக் காசு அனுப்பி, மானத்துக்கு அஞ்சி வாய்திறந்து கேட்காத ஏழைக் குடும்பங்களைத் தேடி, பெண்பிள்ளைகளின் சீதனத்துக்கும் மடத்தில் சேர்வதற்கும் கொடுக்கச் சொன்னார். கொடுத்தவர் பெயர் வெளியே வரக்கூடாது என்பது கட்டளை. பளிங்கிலே பெயர் பொறித்த இளைஞன் முதுமையில் பெயரை மறைக்கக் கற்றிருந்தார். புனித இராயப்பர் பேராலயத்தின் தலைமைச் சிற்பாசாரியாகப் பதினேழு ஆண்டுகள் உழைத்ததற்கும் சம்பளம் வாங்க மறுத்தார்.

எழுபது வயது கடந்தபின் மீண்டும் பழைய காட்சிக்குத் திரும்பினார். தம் கல்லறைக்கென்று தொடங்கிய பியெத்தாவில், யேசுவின் உடலைப் பின்னின்று தாங்கும் நிக்கோதேமுவுக்குத் தம் முகத்தையே வைத்தார். கல்லிலே பழுது இருந்தது, மனதிலும் நிறைவில்லை. 1555ஆம் ஆண்டளவில் ஒரு நாள் சுத்தியலை எடுத்துத் தாமே அதை உடைத்தார். தொழில் பழகிய இளைஞரான திபேரியோ கல்காஞ்ஞி துண்டுகளை ஒட்டினார். யேசுவின் இடக்காலை இன்றும் காணோம்.

கடைசியாக ஒரு பியெத்தா. இதிலே மாதா உட்காரவில்லை. நின்றுகொண்டு மகனைத் தாங்குகிறார். பாதி முடிந்தபோது அதையும் விட்டுவிடாமல் வெட்டி வெட்டி மாற்றினார். யேசுவின் புதிய உடலை மாதாவின் மார்பிலிருந்தே செதுக்கி எடுத்தார். இரண்டு உடல்களும் ஒன்றோடொன்று ஒட்டி மெலிந்து நிற்கின்றன. தாய் மகனைத் தாங்குகிறாரா, இறந்த மகன் தாயை முதுகிலே சுமக்கிறாரா என்று மயக்கம் உண்டாகும். 1564 மாசி 12ஆம் நாள்கூட எண்பத்தெட்டு வயதுக் கிழவர் அதன்முன் உளியோடு நின்றார். 18ஆம் நாள் உரோமாபுரியில் உயிர் பிரிந்தது. தம்பி மகன் உடலை வணிகப் பொதிபோலக் கட்டி, இரகசியமாகப் புளோரன்ஸ் நகருக்குக் கொண்டுபோனார். திருச்சிலுவை ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கடைசிச் சுரூபம் மிலான் நகரக் கோட்டையில் இருக்கிறது. அதன் பக்கத்திலே, முன்பு செதுக்கிப் பின்பு கைவிட்ட யேசுவின் கை ஒன்று, உடலோடு சேராமல், மினுக்கி முடித்தபடியே தனியாகத் தொங்குகிறது. மாதாவின் முகத்தில் உளி பட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றன.